வெட்சியின் இலக்கணம்

போர்க்கோட்பாடு என்பது ஒரு படை தன் தொழிலை எப்படிச் செய்யவேண்டும் என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்ளும் நூல். அது சட்டம் ஆகாது. ஒரு குறிப்பிட்ட நாளுக்கான கட்டளையும் ஆகாது. ஆனால் பயிற்சிப் பள்ளியில் கற்பிப்பது, ஆயுதம் வாங்குவது, முகாம் போடுவது, ஓர் ஊருக்குள் நுழைவது எல்லாம் அந்த நூலின் சொற்களை ஒட்டியே நடக்கும். இரண்டு அரசுகளின் படைகள் களம் குறித்து மோதும் போருக்கு இத்தகைய நூல்கள் நெடுங்காலமாக உண்டு. சீருடை இல்லாத, ஊரோடு ஊராகக் கலந்து வாழும் எதிரியை அடக்குவதற்கான நூல்கள் காலத்தால் பிந்தியவை. 1896இல் சார்லஸ் கால்வெல் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய நூலின் தலைப்பிலேயே அவை ‘சிறு போர்கள்’. இருபதாம் நூற்றாண்டில் ‘கிளர்ச்சி எதிர்ப்பு’, ‘குறைதீவிர மோதல்’ என்று பெயர்கள் மாறின. இந்திய ராணுவம் 2006 முதல் ‘மரபுப் போருக்குக் கீழ்ப்பட்ட நடவடிக்கை’ என்கிறது.

இந்தப் பெயர்கள் எல்லாமே தலைமையகத்தில் உட்கார்ந்து அளந்து வைத்தவை. டாங்கியும் போர் விமானமும் குறைவு என்பதால் தீவிரம் குறைவு என்று கணக்கு. மோதல் நடக்கும் ஊரின் கணக்கு வேறு. அங்கே போர் அடுப்படி வரைக்கும் வரும்; முடிந்த தேதி என்று ஒன்று இருக்காது.

தமிழ் இலக்கண மரபு இந்தப் பாகுபாட்டை முன்பே செய்திருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில் இரு வேந்தர் களத்தில் பொருதும் பெரும்போர் தும்பை. அது நெய்தலுக்குப் புறன். இரவில் சென்று ஆநிரை கவரும் சிறு போர் வெட்சி. அது குறிஞ்சிக்குப் புறன். சிறு போரின் இடம் மலை என்று அன்றே குறித்துவிட்டார்கள். வெட்சித் திணையின் துறைகளில் ஒற்றறிதலாகிய ‘வேய்’ உண்டு, ‘ஊர்கொலை’ உண்டு, கவர்ந்ததைப் பங்கிடும் ‘பாதீடு’ உண்டு, கவர்ந்த ஆக்களை வருத்தாமல் ஓட்டி வருகிற ‘நோயின்று உய்த்தல்’கூட உண்டு. நவீனப் படைநூல்களின் அதிகாரங்களும் ஏறக்குறைய இவைதான்: உளவு, சுற்றிவளைப்பு, வெகுமதி, குறைந்தபட்ச பலம். ஆக்களின் இடத்தில் மக்கள் வந்தது ஒன்றே பெரிய மாற்றம். இரண்டு தரப்பும் எதிரியைக் காட்டிலும் மக்களைக் கவரவே முனைகின்றன என்பதுதான் கிளர்ச்சி எதிர்ப்பு நூல்கள் அனைத்துக்கும் பொதுவான முதல் விதி.

காளையார்கோயில்

தமிழ்நிலத்தில் இந்த விதி எழுதப்படாமலே செயல்பட்ட இடம் 1801ஆம் ஆண்டின் சிவகங்கைச் சீமை. பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தபின் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களிடம் சேர்ந்தார். சின்ன மருது திருச்சிராப்பள்ளியில் ஜூன் 16இல் ஒட்டிய அறிக்கை போரைப் பாளையங்களுக்கு அப்பாலும் கொண்டு சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கர்னல் அக்னியூ நடத்தினார். சிறுவயலிலிருந்து காளையார்கோயில் வரை நின்ற அடர்காட்டை வெட்டிப் பாதை போட அவர் முடிவு செய்தார். ஆகஸ்டு மாதம் முழுக்க மரம் வெட்டும் கூலிகளும் அவர்களுக்குக் காவலாகச் சிப்பாய்களும் காட்டுக்குள் நுழைவதும், வளரிக்கும் ஈட்டிக்கும் துப்பாக்கிக்கும் ஆள் இழந்து மாலையில் திரும்புவதுமாக நாள்கள் போயின. ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பாதை கைவிடப்பட்டது.

வெற்றி கோடரியால் வரவில்லை. செப்டம்பரில் கம்பெனி, சிவகங்கைப் பாளையத்துக்கு உரிமை கோரி வந்த படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சோழபுரத்தில் ஆட்சியாளராக அறிவித்தது. மருதுவின் பின்னால் நின்றவர்களில் ஒரு பகுதி அவர் பக்கம் சாய்ந்தது. அக்டோபர் 1இல் மூன்று திசையிலிருந்து ஒரே நேரத்தில் ஏறிய படை காளையார்கோயிலைப் பிடித்தது. அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

இந்தச் சில மாதங்களுக்குள் பிற்காலப் படைநூல்களின் உள்ளடக்கம் முழுக்க அடங்கியிருக்கிறது: காட்டைக் களைதல், எதிரணியில் பிளவு உண்டாக்குதல், இணக்கமான உள்ளூர்த் தலைமையை நிறுவுதல், பல முனைத் தாக்குதல், தலைவர்களை அழித்தல், எஞ்சியோரை அகற்றுதல். 1801 டிசம்பர் 1இல் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை மிச்சத்தையும் நிறைவு செய்தது. ஆயுதம் வைத்திருப்பது குற்றமாயிற்று, கோட்டைகள் இடிபட்டன, பாளையக்காரர்களின் காவல் உரிமை போயிற்று, பணிந்தவர்களுக்கு மன்னிப்பும் நல்லாட்சியும் வாக்களிக்கப்பட்டன. தண்டனையும் சலுகையும் ஒரே தாளில் அச்சாகி வரும் வழக்கத்துக்கு இங்கே இருநூறு ஆண்டுக்கும் மேல் வயது.

கம்பிவேலியும் அரிசியும்

இந்த அனுபவங்கள் முறையான கோட்பாடாகத் திரண்ட இடம் மலாயா. அதிலும் தமிழர் பங்கு சிறியதல்ல. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதும் ஆங்கில அரசு அவசர காலத்தை அறிவித்தது. அகில மலாயத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த, தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். முந்தின நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சங்கம் நடத்திய தலைமையும் அத்தோடு முடிந்தது.

காட்டில் இருந்த கிளர்ச்சிப் படை உச்ச காலத்திலும் எட்டாயிரத்தைச் சுற்றியே இருந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் படை காட்டைச் சல்லடையாக்கிப் பார்த்தும் பலன் இல்லை. 1950இல் வந்த ஜெனரல் ஹரால்டு பிரிக்ஸ் கேள்வியை மாற்றினார். கெரில்லா எங்கே இருக்கிறான் என்பதை விட்டுவிட்டு, அவனுக்கு அரிசி எங்கிருந்து போகிறது என்று கேட்டார். காட்டோரம் குடியிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களில் சிதறிக் கிடந்த தொழிலாளர் லயன் வீடுகள் ஒரே இடத்தில் திரட்டப்பட்டு வேலிக்குள் வந்தன. அவற்றில் குடியிருந்தவர்களில் கணிசமானோர் தமிழர். பால் மரம் சீவப் போகும் தொழிலாளி காலையில் வாயிலில் சோதனை முடிந்தே வெளியேற முடியும். கையில் சோற்றுப் பொட்டலம் கூடாது. கடையில் தகர டின் விற்றால் அங்கேயே துளையிட்டுக் கொடுக்கவேண்டும். துளையிட்ட டின்னைக் காட்டில் சேமித்து வைக்க முடியாதல்லவா?

1952இல் உயர் ஆணையராக வந்த ஜெரால்டு டெம்ப்ளர்தான் ‘உள்ளங்களையும் மனங்களையும் வெல்லுதல்’ என்ற தொடரைப் பரப்பினார். அதே டெம்ப்ளர் அதே ஆண்டில், தகவல் கொடுக்க மறுத்த தஞ்சோங் மாலிம் ஊருக்கு நாளைக்கு 22 மணி நேர ஊரடங்கும் அரிசிக் குறைப்பும் விதித்தார். மனத்தை வெல்லும் வாசகமும் வயிற்றில் அடிக்கும் நடவடிக்கையும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை. பிற்கால நூல்கள் முதலாவதை அதிகாரத் தலைப்பாக்கின. இரண்டாவதை அடிக்குறிப்புக்குத் தள்ளின.

மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் 1966இல் ஐந்து கொள்கைகளை வகுத்தார். அரசுக்குத் தெளிவான அரசியல் நோக்கம் வேண்டும். அரசு சட்டத்துக்கு உட்பட்டே செயல்படவேண்டும். எல்லாத் துறைகளுக்கும் ஒரே திட்டம் வேண்டும். கெரில்லாவுக்கு முன் அவனுடைய அரசியல் அமைப்பை முறியடிக்கவேண்டும். தன் தளப்பகுதியை முதலில் உறுதி செய்யவேண்டும். அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு அதிகாரி டேவிட் கலூலா 1964இல் எழுதிய நூல், இந்தப் போரில் பெரும்பங்கு அரசியல், சிறு பங்கே ராணுவம் என்றது. அதே அல்ஜீரியப் போரிலிருந்து எழுந்த ரோஜர் திரான்கியேயின் 1961ஆம் ஆண்டு நூல் சித்திரவதைக்கு நியாயம் கற்பித்தது. ஒரே போர், ஒரே படை, எதிரெதிரான இரண்டு நூல்கள். எந்த நூல் களத்தில் விரியும் என்பது கேப்டன் முகாமில் யாரும் பார்க்காத இரவு நேரத்தில் முடிவாகும்.

மலாயாவில் இந்த முறை வென்றதற்கு அதற்கே உரிய காரணங்கள் இருந்தன. கிளர்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒரே இனத்தவர். எல்லைக்கு அப்பாலிருந்து உதவி இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. யாருக்கு எதிராகப் போரிடுவது என்ற காரணமே கரைந்தது. காரணங்களை விட்டுவிட்டு வேலியை மட்டும் எடுத்துக்கொண்ட வியட்நாம் ‘அரண் கிராமங்கள்’ ஓரிரு ஆண்டுகளில் சிதறின.

மிசோ மலையிலிருந்து யாழ்ப்பாணம்

சுதந்திர இந்தியா இந்தப் பாடத்தை முதலில் பயன்படுத்தியது தன் வடகிழக்கு மலைகளில். 1958இல் நாகா மலைக்காக இயற்றப்பட்ட ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் வேர், 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை ஒடுக்க வைஸ்ராய் லின்லித்கோ பிறப்பித்த அவசரச் சட்டத்தில் இருக்கிறது. 1966 பிப்ரவரி இறுதியில் மிசோ தேசிய முன்னணி கிளர்ந்தெழுந்தபோது, மார்ச் மாதம் ஐஸ்வால் நகரத்தின்மீது இந்திய விமானப்படை தாக்குதல் நடத்தியது. 1967 தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் எரித்துக் காலி செய்யப்பட்டு, நெடுஞ்சாலையோரம் 18 மையங்களில் மக்கள் குவிக்கப்பட்டார்கள். அரசு ஆவணங்களில் அவற்றின் பெயர் ‘பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்’. ஜூம் என்னும் இடமாற்றுச் சாகுபடி செய்து வந்த மலைமக்கள் ரேஷன் வரிசையில் நிற்பவர்கள் ஆனார்கள். அமைதி வந்தது 1986 ஜூன் 30 உடன்படிக்கையில். கிளர்ச்சித் தலைவர் லால்தெங்கா முதலமைச்சரானார். இருபது ஆண்டுப் போரை முடித்து வைத்தது அரசியல் பேச்சு. மிசோரமின் வைரெங்டேயில் 1970 முதல் இயங்கும் கிளர்ச்சி எதிர்ப்பு, காட்டுப்போர்ப் பள்ளியின் குறிக்கோள் வாசகமோ கெரில்லாவோடு கெரில்லாவைப்போல் போரிடச் சொல்கிறது.

வைரெங்டே பாடம் யாழ்ப்பாணத்தில் உதவவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை அடுத்து அமைதி காக்க இறங்கிய இந்தியப் படை, அக்டோபர் 10 அன்று விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாக மாறியது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் 30 வீரர்களில் 29 பேர் மாண்டனர். பத்து நாள் கழித்து, தீபாவளி நாளான அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் அந்தப் படை சுட்டதில் மருத்துவர், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதற்குப் பின் வந்த மாதங்களை ஈழத்துப் பேச்சுத் தமிழ் இரண்டு மூன்று சொற்களில் சேர்த்து வைத்திருக்கிறது. விடியற்காலையில் ஊரைச் சூழ்வது சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்த, முகத்தை மூடிய ஒருவன் தலையசைத்தோ அசைக்காமலோ ஒவ்வொருவர் விதியையும் முடிவு செய்வான், அவன் தலையாட்டி. 1989இல், படை திரும்பும் காலம் நெருங்கியபோது, தமிழ்த் தேசிய ராணுவம் என்ற பெயரில் துணைப்படை திரட்டத் தெருவிலும் பேருந்திலும் இளைஞர்களைப் பிடித்துப் போனது பிள்ளைபிடி. படைநூலில் இவற்றின் பெயர் வளைத்துத் தேடுதல், மனித வழி உளவு, உள்ளூர்ப் படைகளை உருவாக்குதல். பொருள் ஒன்று, கேட்கும் இடம் வேறு. நான்கு டிவிஷன்கள் வரை வளர்ந்த அந்தப் படை ஏறத்தாழ 1,200 பேரை இழந்து 1990 மார்ச் 24இல் வெளியேறியது. பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ என்ற நூல் இலங்கை அரசு, இந்தியப் படை, விடுதலைப் புலிகள் மூவரின் வன்முறையையும் ஊருக்குள் இருந்தபடி பதிவு செய்தது. அவர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி எதிர்ப்பு பற்றித் தமிழர் எழுதிய நூல்களில் ‘முறிந்த பனை’யே முதன்மையானது. எந்தப் படைப் பள்ளியும் அதை எழுதச் சொல்லவில்லை.

இலங்கையின் பிந்தைய போர் மனத்தை வெல்லும் பேச்சையே கைவிட்டது. 2009இல் போர் முடிந்தபோது மூன்று லட்சத்தை ஒட்டிய மக்கள் முகாம்களுக்குள் அடைபட்டிருந்தார்கள். மனிக் பண்ணை அவற்றில் பெரியது. 2011இல் இலங்கை ராணுவம் தன் அனுபவத்தைப் பிற நாட்டுப் படைகளுக்கு எடுத்துச் சொல்லக் கொழும்பில் கருத்தரங்கு நடத்தியது. அரசியல் தீர்வு இல்லாமலே ஒரு கிளர்ச்சியை முடிக்கலாம் என்று அங்கிருந்து கற்றுச் செல்ல விரும்பியோர் இருந்தனர். கிளர்ச்சி முடிந்ததும் அதன் காரணம் முடிந்ததா என்ற கேள்வி நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நின்றது.

மென்பட்டு உறை

இந்திய ராணுவத்தில் தவறுகளிலிருந்து விதிகள் மெல்ல உருவாயின. 1990இல் கிளர்ச்சி எதிர்ப்புக்கென்றே ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் தொடங்கப்பட்டது. 1993-94இல் தலைமைத் தளபதியாக இருந்த பி.சி. ஜோஷி பத்துக் கட்டளைகளை வெளியிட்டார். எதிரே நிற்பவர்கள் சொந்த நாட்டு மக்கள் என்பதும் பெண்களைத் துன்புறுத்தக் கூடாது, சித்திரவதை கூடாது என்பதும் அவற்றின் சாரம். 1997 நவம்பரில் சிறப்பு அதிகாரச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், ராணுவம் தனக்கு வகுத்துக்கொண்ட ‘செய்க, செய்யற்க’ பட்டியல் படையைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. 2006 டிசம்பரில் சிம்லாவிலுள்ள ராணுவப் பயிற்சித் தலைமையகம் முழுக் கோட்பாட்டையும் நூலாக்கியது. மென்பட்டு உறைக்குள் இரும்புக் கை என்பது அதன் புகழ்பெற்ற படிமம்.

படிமம் நேர்மையானது, இரும்பை மறைக்கவில்லை. அதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. உறையும் கையும் ஒரே உடம்புக்குச் சொந்தம். பள்ளிக்கூடக் கட்டடம், மருத்துவ முகாம், கணினி வகுப்பு எல்லாவற்றையும் படையே கொண்டு வந்தால், அந்த ஊரைப் பொறுத்தவரை அரசு என்றால் படைதான் என்பது உறுதிப்படுகிறது. படை போனால் பள்ளிக்கூடமும் போய்விடும். தாம்சனின் இரண்டாம் கொள்கை கேட்டது சட்டத்துக்கு உட்பட்ட குடிமை அரசை. படை அதை உருவாக்க முடியாது; அது வரும் வரை இடத்தைப் பிடித்து வைத்திருக்க மட்டுமே முடியும். ‘களைதல், நிலைபெறுதல், கட்டியெழுப்புதல்’ என்று நூல்கள் சொல்லும் மூன்று படிகளில் மூன்றாவது படி உலகெங்கும் அரைகுறையாகவே நிற்பதன் காரணம் இது.

தமிழ்நாட்டு மலைகள்

தமிழ்நாட்டுக்குள் ராணுவம் இவ்வகையில் இறங்கியதில்லை. வேலையைச் செய்தது போலீஸ். ஆனால் வழிமுறை படைநூலினுடையது. 1980இல் வட ஆற்காடு மாவட்டத் திருப்பத்தூரில் நக்சல்பாரிகள் வீசிய வெடிகுண்டில் காவல் ஆய்வாளரும் காவலர்களும் இறந்ததை அடுத்து, வட ஆற்காடு, தர்மபுரி மாவட்டங்களில் காவல்துறை அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் ‘அஜந்தா’ நடவடிக்கை நடந்தது. ‘மோதல்’ என்ற சொல்லுக்குத் தமிழ்ச் செய்தித்தாள்களில் போலீஸ் சுட்டுக் கொல்வது என்ற பொருளும் சேர்ந்த காலம் அது. 1993இல் அதே தேவாரம் தலைமையில் சந்தன மரக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிக்கத் தமிழக அதிரடிப்படை அமைந்தது. அந்த ஏப்ரலில் பாலாறு கண்ணிவெடியில் 22 பேர் இறந்தபின் எல்லைப் பாதுகாப்புப் படையும் வந்தது. வீரப்பனுக்கு அரசியல் நோக்கம் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே அவர் உலவிய காட்டோர ஊர்கள் எதிரி ஊர்களாக நடத்தப்பட்டன. அரிசி வாங்கியவர், விறகு பொறுக்கியவர், ஆடு மேய்த்தவர் எல்லாரும் உளவாளி அல்லது உடந்தை. மாதேஸ்வரன் மலையில் சித்திரவதை நடந்த கொட்டடிக்கு வழங்கிய பெயர் ‘ஒர்க் ஷாப்’. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் நிவாரணம் வழங்க ஆணையம் சொன்னது. வீரப்பன் 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே ஓர் ஆம்புலன்சில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். பதினோரு ஆண்டுச் சுற்றிவளைப்புக்கு அகப்படாதவரை, பொறுமையாக விரித்த உளவு வலை சில மாதங்களில் வெளியே கொண்டு வந்தது.

அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் கிளர்ச்சி என்று எதுவுமே இல்லை. சந்தனக் கட்டை தேடி 1992 ஜூன் 20இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் நுழைந்தார்கள். ஊரார் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டார்கள், 18 பெண்கள் வன்புணரப்பட்டார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. வெட்சித் திணை இதற்கு வைத்த பெயர் ஊர்கொலை. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29இல். சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023 செப்டம்பர் 29இல். அரசு ஊழியர் இத்தனை பேர் ஒருசேரத் தண்டனை பெற்ற வழக்கு இந்தியாவில் அரிது. அதைச் சாதித்தது மலையாளிப் பழங்குடிப் பெண்களின் சாட்சியமும் அவர்களோடு நின்ற இயக்கத்தின் விடாப்பிடியும்.

கரியாலூர்

சித்தேரிக்குக் கிழக்கே அதே மலையாளிப் பழங்குடி மக்களின் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் இருக்கிறது கரியாலூர். இந்த மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கீழே அணையில் தேங்கிச் சமவெளி வயலுக்குப் பாய்கிறது. மேலே சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய்; அது போதாதபோது கேரள, கர்நாடக எஸ்டேட்டுகளுக்குக் கூலிப் பயணம்.

இந்த மலையில் கிளர்ச்சி நடந்ததில்லை. அதனாலேயே படைநூல்களை உரசிப் பார்க்க இது நல்ல இடம். கிளர்ச்சிக்குக் காரணங்கள் என்று அந்த நூல்கள் அடுக்கும் எல்லாமே இங்கே இருந்தன. சடையக்கவுண்டன், குரும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களிடம் மலை பிரிந்து கிடந்தது. வரியும் ஊதியமில்லா வெட்டி வேலையும் அவர்களுக்கே. நாடு சுதந்திரம் பெற்று, குடியரசாகி, ஜமீன்கள் ஒழிந்த பிறகும் கல்வராயன் ஜாகீர் நீடித்தது. அரசு அதை எடுத்துக்கொண்டது 1976 ஜூன் 25இல். நாடெங்கும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது.

நூல்களின் தர்க்கப்படி இங்கே துப்பாக்கி எழுந்திருக்கவேண்டும், எழவில்லை. வறுமையும் புறக்கணிப்பும் தாமாகவே கிளர்ச்சி ஆவதில்லை. அவற்றைக் கோரிக்கையாக்கும் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பு இல்லாத இடத்தில் மக்கள் வேறு வழிகளில் பிழைக்கிறார்கள், அரசும் அவர்களை வேறு பெயர்களில் அறிகிறது. கரியாலூர் காவல் நிலையத்தின் பெயர் நாளிதழில் வருவது பெரும்பாலும் சாராய ஊறல் அழிப்பு, நாட்டுத் துப்பாக்கிப் பறிமுதல் செய்திகளோடுதான். வெல்லமும் மரப்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பேரலில் வைத்த ஊறலைத் தேடிக் காவலர் ஓடை ஓடையாக ஏறுவதும், தரையில் கொட்டி அழிப்பதும், இறங்குவதும், மறுபடி ஏறுவதும் வழக்கமான காட்சி. ஒற்றன் உண்டு, சுற்றிவளைப்பு உண்டு, பறிமுதல் கணக்கு உண்டு. களைதல் மட்டும் திரும்பத் திரும்ப நடக்கிறது. நிலைபெறுதலும் கட்டியெழுப்புதலும் இல்லை. படைநூலை வாசிக்காமலே அதன் முதல் அதிகாரத்தை மட்டும் செயல்படுத்தும் முறை இது.

வெளியே போனாலும் அதே பார்வை. 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப்படை சுட்டுக் கொன்ற 20 செம்மரக் கூலிகளில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் மிதந்த ஐந்து உடல்கள் கல்வராயன் மலையின் சேலம் பக்கத்துக் கருமந்துறைப் பகுதி ஆட்களுடையவை. மரம் வெட்டும் கூலிக்கும் கடத்தல் முதலாளிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குறிபார்க்கும் துப்பாக்கி அறியாது. போராளிக்கும் குடியானவனுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அறியவேண்டும் என்பது கலூலா முதல் சிம்லா நூல் வரை எல்லாரும் எழுதி வைத்த விதி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொன்றது மெத்தனால், தொழிற்சாலைச் சரக்கு, மலை ஊறலில் விளைவதல்ல. ஆயினும் தேடுதல் மலையேறியது. அந்தச் சாவுகளை அடுத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி, குடும்ப அட்டை என்று அரசிடம் கணக்குக் கேட்டது. தாம்சனும் கலூலாவும் கிளர்ச்சியை வெல்ல வேண்டுமென்றால் செய்யவேண்டியவை என்று எழுதிய பட்டியலும் நீதிமன்றம் கேட்ட பட்டியலும் பெரிதும் ஒன்றே. வேறுபாடு இதுதான்: அந்தப் பட்டியலுக்குப் பணம் ஒதுக்கக் காஷ்மீரிலும் மிசோரமிலும் துப்பாக்கி வெடிக்கவேண்டியிருந்தது, கல்வராயனில் அறுபது பிணம் விழவேண்டியிருந்தது. ஒரு மலைக்கு அரசு எதை முதலில் அனுப்புகிறது என்பதே அந்த அரசின் உண்மையான கோட்பாடு. அது எந்த நூலிலும் இருப்பதில்லை. வரவுசெலவுக் கணக்கிலும் பணிநியமன ஆணைகளிலும் இருக்கும்.

2006 டிசம்பரில் மூன்று ஆவணங்கள் பிறந்தன. 15ஆம் தேதி அமெரிக்க ராணுவம் தன் கிளர்ச்சி எதிர்ப்புக் கையேட்டை வெளியிட்டது. அதே மாதம் இந்திய ராணுவத்தின் கோட்பாட்டு நூல் வந்தது. 29ஆம் தேதி வன உரிமைச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. தலைமுறைகளாகக் காட்டில் உழுபவருக்கு அந்த நிலத்தின்மேல் உரிமை உண்டு என்று சொல்லும் சட்டம். முதல் இரண்டும் உடனே பயிற்சிப் பள்ளிகளுக்குப் போயின. மூன்றாவதன்படி தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 2008இல் உயர் நீதிமன்றம் இடைக்கால ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை 2016 பிப்ரவரியில் நீக்கியது. சட்டம் பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே கல்வராயன் மலைக்காரர் தாம் உழும் நிலத்துக்குப் பட்டா கேட்டு நிற்க வழி திறந்தது.